விசை போனாலும் எழுத்துப் போகாது

திருக்கோகர்ணத்து ஞானாலயா நூலகத்தில் பழைய நூலொன்றைப் புரட்டும் இன்றைய மாணவன், யானைத் துதிக்கைபோல் வளைந்த ஐகார எழுத்துகளைக் கண்டு சற்றே தயங்குவான். 1978-இல் தமிழக அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தத்தில் அவ்வடிவங்கள் விலக்கப்பட்டன. வடிவம் போயிற்று, ஒலி போகவில்லை.

விசைப்பலகையின் வரலாறும் இத்தகையதே. 247 எழுத்துகளையும் ஒரு தட்டச்சுப் பொறியின் சில விசைகளுள் அடக்க வழிகண்ட முன்னோடி, யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா ஆவார். புள்ளி முதலியவற்றை இட, அழுத்தினாலும் தாள் நகராத ‘நகரா விசை’யை அவர் அமைத்தார். பின்னர் 1999-இல் சென்னை மாநாட்டையொட்டித் ‘தமிழ்99’ பலகை தரமாயிற்று. அதில் ஸ, ஷ, ஜ, ஹ ஆகியவை ‘ஷிப்ட்’ விசையின் துணையோடு வருபவை. ‘ஷாஜஹான்’ என்று எழுத மும்முறை அதனை நாடவேண்டும். நம் இல்லத்துப் பெயர்கள் பலவற்றுக்கும் இதே நிலைதான்.

கணினியின் ‘வேர்டு’ செயலியோ, விசைகளை வகுக்கும் உரிமையை எழுதுவோர்க்கே அளிக்கிறது. ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்பதைச் சேமித்து வைத்து, அதற்கொரு குறுக்குவிசை அமைத்துக்கொள்ளலாம். எனினும், அவ்விசைக்கு முன்பே ஒரு பணி உண்டா என்பதை அது காட்டும். கவனியாது மாற்றினால் பழைய பணிக்கு அவ்வழி அடைபடும். வேண்டாத குறுக்குவிசையை நீக்கினும் கட்டளை அழியாது. பட்டியலில் இருக்கவே செய்யும். அனைத்தையும் பழைய நிலைக்கு மீட்டாலோ, நாம் அமைத்தவை யாவும் நீங்கிவிடும்.

ஆதலின் மாற்றுவோர், மாற்றியதைக் குறித்து வைப்பாராக! பின்வருவோர் தயங்காதிருக்க அதுவே வழி.