மென்குவியமும் தோட்டத்து மலரும்

ஒளிப்படம் இயந்திரத்தின் வேலை, அதில் கலைஞனின் கை இல்லை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிக்கடி எழுந்த குற்றச்சாட்டு. பிக்டோரியலிசம் என்னும் இயக்கத்தினர் அதற்கு மென்குவியத்தால் விடை கூறினர். லென்ஸின் நடுவிலும் விளிம்பிலும் புகும் கதிர்கள் ஒரே புள்ளியில் கூடாமற்போவது ஒரு குறை. அக்குறையை வேண்டுமென்றே விட்டுவைத்த லென்ஸுகள் இதற்கெனவே செய்யப்பட்டன. குவியம் தவறிய படம் வேறு, மென்குவியப் படம் வேறு. பின்னதில் இதழின் விளிம்பு அழிவதில்லை. அதன்மேல் மெல்லிய ஒளிப்படலம் படர்கிறது. 1906ஆம் ஆண்டளவில் அடால்ஃப் டி மேயர் எடுத்த கண்ணாடிக் கிண்ண அல்லிகள் இம்மரபின் புகழ்பெற்ற சான்று.

அமெரிக்கரான இமோஜென் கன்னிங்காமும் இம்மரபில் தொடங்கியவரே. 1920களில் மூன்று புதல்வர்களை வளர்க்கும் பொறுப்பு அவரை வீட்டோடு பிணைத்தது. கைக்கெட்டிய தோட்டத்து மலர்களையே அவர் படமெடுத்தார். 1925இல் எடுத்த மக்னோலியா மலரில் ஒளிப்படலம் இல்லை. மகரந்தத் தாள்கள் தனித்தனியே துலங்குகின்றன. 1932இல் கூர்மையையே கொள்கையாகக் கொண்ட எஃப் 64 குழுவை நிறுவியோருள் அவரும் ஒருவர்.

கலையெனத் தகுதி பெற ஒளிப்படம் ஓவியத்தை ஒத்திருக்க வேண்டியதில்லை என்பதை அவ்வீட்டுத் தோட்டம் காட்டிற்று.