சம்பா கோயிலின் கற்கள்



சனி, ஞாயிறு வந்தால் மிஷன் வீதியில் நம் பேராலயத்தின் முன்னால் கூட்டம்தான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் முகப்பின் இரட்டைத் தூண்களைப் படம் எடுக்கிறார்கள். உள்ளே வந்து ஐந்து நிமிடம் நிற்கிறார்கள். “எந்த வருஷம் கட்டினது?” என்று கேட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. எருசலேமில் சீடர் ஒருவரும் ஆண்டவரிடம் இதையேதான் செய்தார்; எத்தனை பெரிய கற்கள், எத்தகைய கட்டடம் என்று காட்டி வியந்தார். ஆண்டவர் அந்தக் கட்டடத்துக்கு வரப்போகும் முடிவைப் பற்றிப் பேசினார். நம் பேராலயத்தின் கதையையும் கட்டியதிலிருந்து மட்டும் சொல்ல முடியாது, இடித்ததிலிருந்தும் சொல்ல வேண்டும்.

முதலில் பெயர். ஜென்மராக்கினி அன்னை பேராலயம் என்று நாம் எழுதுகிறோம். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார், சம்பா கோயில் என்றால் உடனே கிளம்புவார். இது நெல் சம்பா அல்ல. புனித பவுலின் பெயர் ஐரோப்பியர் வாயிலிருந்து நம் வாய்க்கு வந்து தேய்ந்ததுதான் சம்பா. கோவாவில் புனித பவுல் கல்லூரியை நடத்தியதால் இயேசு சபைக் குருக்களுக்கே பவுலின் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் இங்கே கட்டிய கோயிலுக்கும் அது வந்து சேர்ந்தது.

அந்தக் கோயில் நிலைத்து நிற்கப் பாடுபட்டது. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் உதவியோடு 1692-இல் எழுந்ததை, மறு ஆண்டே புதுச்சேரியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அழித்தார்கள். 1699-இல் இன்னொன்று கட்டினார்கள். பிறகு 1728 முதல் 1736 வரை உழைத்துப் பெரிய ஆலயம் ஒன்றை எழுப்பினார்கள். அந்த மூன்றாவது கோயிலின் காலம்தான் நாம் நின்று பார்க்க வேண்டிய காலம். ஏனென்றால் அப்போது நடந்தவற்றை ஊர்க்காரர் ஒருவர் தமிழில் நாள்தோறும் எழுதி வைத்தார். அவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை, கவர்னர் துய்ப்ளெக்ஸின் துபாஷ். ரங்கப்பிள்ளை வீதி அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் கிறிஸ்தவர் அல்லர், ஆனாலும் நம் பங்கின் பழைய வரலாற்றுக்கு அவரை விட்டால் இவ்வளவு நெருக்கமான சாட்சி கிடையாது.

1745 அக்டோபரில் அவர் எழுதியது ஒரு சுவரைப் பற்றி. கோயிலுக்குள் வடபுறத்தில் சுவர் எழுப்பியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், இந்தப் பக்கம் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். ஒரே பீடம், ஒரே திருப்பலி, நடுவில் சுவர்! காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் இது தகாது என்றார். சுவருக்கு அப்பால் இருந்த மக்களும் குருக்களிடம் போய், ஞானஸ்நானம் பெற்ற பிறகு எங்களுக்கு மட்டும் ஏன் இந்த வேற்றுமை என்று நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சாதிக் கிறிஸ்தவர்கள் கூடிக் கொதித்தார்கள், விஷயம் கவர்னர் வரை போனது. கடைசியில், இடித்த சுவர் இருந்த இடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு மறித்தார்கள் என்று பிள்ளை எழுதுகிறார். சுவரை இடிக்க ஒரு நாள் போதும், நாற்காலியை எடுக்கத்தான் தலைமுறைகள் ஆயின. நம் பெரியவர்களுக்கு இது தெரியும்.

மூன்று ஆண்டு கழித்து நடந்தது இன்னும் கனமானது. நம் கோயிலை ஒட்டியே அப்போது வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. அதை அகற்றித் தரும்படி இயேசு சபையினர் நெடுங்காலமாகக் கேட்டு வந்தார்கள். நெசவாளரும் வணிகரும் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள் என்ற அச்சத்தில் கவர்னர்கள் கை வைக்கவில்லை. 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, அந்தக் குழப்பத்தில் காரியம் நடந்தது. கவர்னரின் மனைவி மதாம் துய்ப்ளெக்ஸ் இதற்குத் துணையாக இருந்தார். செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நம் நாள்காட்டியில் அன்னை மரியாவின் பிறப்பு விழா. அன்று கூலியாட்களோடும் மண்வெட்டிகளோடும் போய் இடிக்கத் தொடங்கினார்கள். காரைக்கால் குரு கெர்தூ லிங்கத்தைக் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்தார் என்று பிள்ளை எழுதுகிறார். இதே கெர்தூதான் பின்னாளில் சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உள்ள உறவை பிரான்சின் அறிஞர்களுக்கு எழுதிக் காட்டியவர். படிப்பு ஒருவரைக் காப்பாற்றிவிடும் என்று நாம் நினைக்கிறோம், அப்படி இல்லை போலிருக்கிறது. முன்னிருந்த கவர்னர்கள் மறுத்த காரியம் இவர் காலத்தில் நடந்துவிட்டதே என்று பிள்ளை மனம் நொந்து எழுதுகிறார். தம் எசமானரைப் பற்றித்தான் அப்படி எழுதுகிறார்.

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் ரங்கப் பிள்ளை இறந்திருந்தார். கோட்டையையும் வெள்ளையர் நகரையும் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள், சம்பா கோயிலும் போனது. இதைத் தண்டனை என்று சொல்லுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த இடிபாட்டில் வீடிழந்தவர்களில் கோயிலை இடித்தவர்களும் இருந்தார்கள், இடித்ததற்காக அழுதவர்களும் இருந்தார்கள்.

இன்று நாம் திருப்பலி காணும் ஆலயம் 1770-களில் பழைய அடித்தளத்தின்மேல் தொடங்கி 1791-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதற்குள் இயேசு சபையே கலைக்கப்பட்டு, பாரிஸ் வேதபோதக சபையினர் பொறுப்பேற்றிருந்தார்கள். பயணிகள் விரும்பிப் பார்க்கிற மற்ற இரண்டும் பிற்காலத்தவை. துய்மா வீதியில் கப்புச்சின் குருக்களின் பெயரைத் தாங்கிய கப்ஸ் கோயிலின் இன்றைய கட்டடம் 1855-இல் முடிந்தது. ரயில் நிலையத்தருகே உள்ள திரு இருதய ஆண்டவர் ஆலயம் 1907-இல் முடிந்து, 2011-இல் பசிலிக்கா ஆனது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்காகவே அங்கே போகலாம்.

ஜெர்மனியில் டிரெஸ்டன் என்றொரு நகரம். 1945 பிப்ரவரியில் ஆங்கிலேய, அமெரிக்க விமானங்கள் அதைக் குண்டு வீசி எரித்தன. ஊரின் நடுவே இருந்த அன்னையின் ஆலயம் இரண்டு நாள் சூட்டில் நின்று, பிறகு சரிந்து விழுந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் கற்குவியலாகவே கிடந்தது. 2005-இல் மீண்டும் திறந்தபோது, தீயில் கறுத்த பழைய கற்களைப் புதிய கற்களுக்கிடையே அப்படியே வைத்துக் கட்டியிருந்தார்கள். வெள்ளைச் சுவரில் கறுப்புத் திட்டுகளாகத் தூரத்திலிருந்தே அவை தெரியும். உச்சியில் உள்ள சிலுவையைச் செய்தவர் லண்டன் பொற்கொல்லர் ஒருவர். அந்த நகரத்தின் மேல் குண்டு வீசப் போன விமானப்படையினரில் ஒருவர் அவருடைய தந்தை. பார்க்க வருகிறவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் இதையும் சேர்த்தே சொல்கிறார்கள். அந்தப் போரைத் தொடங்கியது தங்கள் நாடு என்பதையும் மறைப்பதில்லை.

நம் சுவர்களில் கறுத்த கல் இல்லை, வெள்ளையடித்து அழகாக இருக்கிறது. அதனால் சொல்ல வேண்டியதை வாயால்தான் சொல்ல வேண்டும். 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனித பேதுரு பேராலயத்தில், திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காக உலகறிய மன்னிப்பு வேண்டினார். பிற சமயத்தாருக்கு இழைத்த தீங்கும் அந்த மன்றாட்டில் இருந்தது. அதற்குப் பிறகு நம் வாசலில் நின்று பாதிக் கதை சொல்ல நமக்குக் காரணம் எதுவும் இல்லை.

இனி யாராவது எந்த வருஷம் கட்டினது என்று கேட்டால், 1791 என்று சொல்லுங்கள். நேரம் இருந்தால் வடபுறச் சுவரையும் நாற்காலிகளையும் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு கோயில் இருந்தது என்றும் சொல்லுங்கள். அந்தக் கோயில் பின்னால் வேறோர் இடத்தில் மீண்டும் எழுந்தது. ஈசுவரன் கோயில் வீதி எது என்று கேட்டால் வழி காட்டுங்கள், இங்கிருந்து நடந்தே போய்விடலாம்.