ஒரு கரண்டி நெய்யின் சரித்திரம்

பாகலூரைப் பற்றி ஒரு சரித்திரக் கட்டுரை என்றதும் வாசகர்கள் பாளையக்காரரையும் ஹைதர் அலியையும் திப்பு சுல்தானையும் எதிர்பார்ப்பது நியாயந்தான். பாகலூர் ஒரு காலத்தில் பாளையப்பட்டாக இருந்த ஊர். 1791-ல் காரன்வாலிஸ் பிரபுவின் சேனை பக்கத்திலுள்ள ஓசூரைப் பிடித்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு இந்தப் பிரதேசம் கும்பெனியார் வசமாயிற்று. அதையெல்லாம் எழுதுவதற்குப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவது ஒரு கரண்டி நெய்யின் சரித்திரம். அதில் ராஜாக்கள் வரமாட்டார்கள், நாய்கள் வரும்.

பாகலூரில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். எல்லைப்புறத்து வீடு அது: அடுப்பங்கரையில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். அவருடைய தாயாருக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. தெருவில் எல்லோருக்கும் அவர் 'அவ்வா'. அந்த வீட்டில் வெள்ளை வெளேரென்று பஞ்சுப் பொதி போல ஒரு சின்ன நாய் இருந்தது. பொமரேனியன் என்று சொல்லி விற்றிருந்தார்கள். நம் ஊரில் அந்தப் பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் இந்திய ஸ்பிட்ஸ் என்ற ஜாதிதான். எடை ஐந்து கிலோ இருக்கும். அதன் பெயர் சின்னு.

ஒரு யுகாதிக்கு நான் அங்கே போயிருந்தேன். முதல் நாள் ஒப்பட்டு. அதன் மேல் நெய். மறுநாள் கன்னட நாட்டு வழக்கப்படி 'ஹொஸதொடக்கு'. அதாவது கறிச் சோறு. அந்த இரண்டு நாளும் அவ்வா சின்னுவை மறக்கவில்லை. "வாயில்லா ஜீவன், அதுக்கும் பண்டிகைதானே!" என்று நெய்யில் ஊறிய ஒப்பட்டையும், ஆட்டுக் கொழுப்புத் துண்டுகளையும் தம் கையாலேயே ஊட்டினார். நாங்களும் பார்த்து மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

மூன்றாம் நாள் காலையில் சின்னு வாந்தி எடுத்தது. தண்ணீரைக் கூடத் தொடவில்லை. பிறகு ஒரு விசித்திரமான காரியம் செய்தது. முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தரையில் பதித்து, பின்புறத்தை மட்டும் உயர்த்தியபடி அசையாமல் நின்றது. "சாமி கும்பிடுது பாரு" என்றார் அவ்வா. அது சாமி கும்பிடவில்லை. வயிற்று வலி பொறுக்க முடியாத நாய் இப்படித்தான் நிற்கும் என்பதை மறுநாள் வைத்தியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கணையம் வீங்கிவிட்டது என்றார். குளுகோஸ் ஏற்றினார், வலிக்கு ஊசி போட்டார். அடுத்த இரண்டு நாளில் சின்னு போய்விட்டது. ரோஜாத் தோட்டத்து வரப்பு ஓரமாய்ப் புதைத்துவிட்டு வந்தோம்.

அன்று இரவு அவ்வா என்னைக் கேட்டார்: "நீ படிச்சவன் சாமி. உள்ளதைச் சொல்லு. என் நெய்தான் அதைக் கொன்னுதா?"

என்னிடம் பதில் இல்லை. ஊருக்குத் திரும்பி வந்து புத்தகங்களைப் புரட்டினேன். அப்போது கண்ட சரித்திரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணையம் என்பது இரைப்பைக்கு அருகே ஒடுங்கிக் கிடக்கும் ஓர் உறுப்பு. உணவைக் கரைக்கும் கடுமையான ரசங்களை அது சுரக்கிறது. அந்த ரசங்கள் கணையத்துக்குள் இருக்கும் வரையில் உறையிலிட்ட வாளைப் போல அடங்கிக் கிடக்கும். குடலுக்கு வந்த பிறகே கூர்மை பெறும். ஏதோ காரணத்தால் உள்ளேயே வாள் உருவப்பட்டு விட்டால், கணையம் தன்னைத் தானே தின்னத் தொடங்கிவிடும். இதற்குத்தான் கணைய அழற்சி என்று பெயர்.

இந்த உறுப்புக்கும் கொழுப்புக்கும் உள்ள உறவை உலகத்துக்கு விளக்கியவர் கிளாட் பெர்னார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. 1840-களில் முயல்களையும் நாய்களையும் அறுத்துப் பார்த்து, கொழுப்பைப் பால் போலக் கரைத்துக் கொடுப்பதில் கணைய நீருக்குள்ள பங்கை அவர் காட்டினார். 1856-ல் ஒரு நாயின் கணையக் குழாய்க்குள் பித்த நீரையும் ஒலிவ எண்ணெயையும் செலுத்தி, அழற்சியையே உண்டாக்கிப் பார்த்துவிட்டார். மகா மேதைதான். ஆனால் அவருடைய மனைவிக்கும் பெண்களுக்கும் இந்தச் சோதனைகள் பொறுக்கவில்லை. பிற்காலத்தில் அவரை விட்டுப் பிரிந்து, உயிருள்ள பிராணிகளை அறுப்பதை எதிர்த்தவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். நாவல் எழுதுகிறவனுக்கு அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே முழுக் கதையும் இருக்கிறது.

அடுத்த காட்சி ஸ்டிராஸ்பர்க் நகரத்தில். வருஷம் 1889. கொழுப்பு ஜீரணமாவதற்குக் கணையம் அவசியந்தானா என்று மெரிங், மின்கோவ்ஸ்கி என்ற இருவருக்குள் ஒரு வாதம். வாதத்தைத் தீர்க்க ஒரு நாயின் கணையத்தை அடியோடு எடுத்துவிட்டார்கள். வீட்டில் நன்றாகப் பழகியிருந்த அந்த நாய் கண்ட இடத்திலெல்லாம் சிறுநீர் கழிக்க ஆரம்பித்தது. மின்கோவ்ஸ்கி அந்த நீரைச் சோதித்தார், சர்க்கரை இருந்தது! கொழுப்பைத் தேடிப் போனவர்கள் நீரிழிவின் வேரைக் கண்டுவிட்டார்கள்.

அந்த வேரைப் பிடித்துக்கொண்டுதான் 1921-ல் கனடாவில், டொராண்டோ நகரில், பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களின் மேல் சோதனை நடத்தினார்கள். நாய்களுக்கு அங்கே எண்கள்தான் உண்டு. 92-ஆம் எண்ணுள்ள மஞ்சள் நிற நாயின் மேல் பாண்டிங் மிகவும் பிரியம் வைத்திருந்தார். அது இறந்தபோது அழுதுவிட்டார். 33-ஆம் எண் நாய்க்கு மட்டும் மார்ஜரி என்று ஒரு பெயர் நிலைத்தது. கணையத்தை இழந்த பிறகும், இவர்கள் போட்ட ஊசி மருந்தின் பலத்தால் அது சுமார் 70 நாள் உயிரோடு இருந்தது. 1922 ஜனவரியில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு அந்த மருந்து முதன்முதலாகப் போடப்பட்டது. அதுதான் இன்சுலின். மறு வருஷம் நோபல் பரிசு வந்தது. இன்று நம் வீடுகளில் எத்தனை தாத்தாக்களும் பாட்டிகளும் அந்த மருந்தால் உயிர் வாழ்கிறார்கள்! அவ்வாவே காலையிலும் மாலையிலும் அந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறவர்தான்.

மனிதனுக்கு வழி பிறந்துவிட்டது. நாயின் கணையத்துக்கு என்ன ஆயிற்று? 1948-ல் காலிபோர்னியாவில் லிண்ட்சே, என்டென்மன், சைக்காஃப் என்ற மூன்று பேர் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். கொழுப்பு மிகுந்து புரதம் குறைந்த ஆகாரத்தில் வளர்த்த நாய்களுக்கு ஈரல் கெட்டதோடு கணையமும் வீங்கியது என்பதுதான் அது. 1970-ல் வேறொரு சோதனை நடந்தது. நாய்களுக்குக் கணைய அழற்சியை உண்டாக்கிப் பார்த்தபோது, கொழுப்பு ஆகாரம் உண்ட நாய்களுக்கு அது கடுமையாக இருந்தது. 2008-ல் அமெரிக்கக் கால்நடை வைத்தியர்கள் சோதனைச் சாலை நாய்களை விட்டுவிட்டு, வீட்டு நாய்களைப் பற்றி விசாரித்தார்கள். வழக்கமில்லாத தீனியைத் தின்ற நாய்களும், குப்பைத் தொட்டியைக் கிளறிய நாய்களும், மனிதர் சாப்பாட்டு மிச்சம் கிடைத்த நாய்களும் இந்த நோயில் அதிகமாக விழுந்திருந்தன.

மினியேச்சர் ஷ்னாசர் என்ற குட்டை ஜாதியில் பல நாய்களுக்குப் பிறவியிலேயே இரத்தத்தில் கொழுப்பு மிகுதி. அவற்றுக்கு ஆபத்தும் மிகுதி. யார்க்ஷயர் டெரியர் போன்ற வேறு சில சிறு நாய்களும், உடல் பருத்த நாய்களும் இந்த நோயாளிப் பட்டியலில் அடிக்கடி வருகின்றன.

இத்தனை விஷயமும் புத்தகத்தில் இருக்கிறது. பாகலூர் அடுப்பங்கரைக்கு மட்டும் ஏன் வந்து சேரவில்லை? அதற்கும் சரித்திரந்தான் காரணம்.

ஓசூர்ப் பக்கம் பிராணி வைத்தியத்துக்குப் புதிய இடம் அல்ல. ஓசூரை அடுத்த மத்திகிரியில் கும்பெனிக் காலத்திலேயே படைக் குதிரைகளுக்காகப் பண்ணை வைத்தார்கள். 1924-ல் அது சர்க்காரின் கால்நடை இலாகாவுக்கு வந்தது. சென்னை வேப்பேரியில் 1903-லேயே கால்நடைக் கல்லூரி தோன்றிவிட்டது. ஆனால் அந்தக் காலத்து வைத்தியர்களுக்குக் கவலையெல்லாம் குதிரையும் மாடும்தான். ஒன்று போர் புரிந்தது. மற்றொன்று ஏர் உழுதது. மடியில் ஏறிப் படுக்கும் நாயைப் பற்றி யாருக்கு அக்கறை?

அன்றைய பாகலூரில் மடி நாயும் இல்லை. காவல் நாய்தான் இருந்தது. வீட்டார் தின்ற கேழ்வரகுக் களியில் மிச்சம் இருந்தால் அதற்கு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதன் தட்டில் யாரும் நெய் ஊற்றவில்லை. காரணம், மனிதர் தட்டிலேயே நெய் பண்டிகைக்குப் பண்டிகைதான் தலை காட்டியது. 1970-களுக்குப் பிறகு ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்தது. லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வந்தன. மாதச் சம்பளம் வந்தது. மாடி வீடு வந்தது. மடி நாய் வந்தது. தினந்தோறும் நெய்யும் வந்தது. பஞ்ச காலத்தின் அன்பு மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது. இல்லாத காலத்தில் கிடைப்பதை வாரிக் கொடுப்பதே அன்பு என்று பழகிய கை, எல்லாம் நிறைந்த காலத்திலும் அதே மாதிரி வாரிக் கொடுத்தது.

அளவை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி ஆகாரம் போதும். இரண்டு பெரிய கரண்டி நெய், அதாவது 28 கிராம், 250 கலோரி ஆகிவிடும். நமக்கு 2000 கலோரி என்று வைத்துக்கொண்டால், நாம் ஒரே வேளையில் ஏறக்குறைய 160 கிராம் நெய்யைக் குடிப்பதற்கு அது சமானம். நம் கரண்டி நம் வயிற்றுக்காகச் செய்தது. நாயின் வயிற்றுக்கு அது கரண்டி அல்ல, குடம்.

அடுத்த முறை பாகலூருக்குப் போனபோது அவ்வாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உண்மையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "அவ்வா, பெரும்பாலான நாய்களுக்கு இந்த நோய் எதனால் வந்தது என்று வைத்தியர்களாலேயே நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை. எத்தனையோ நாய்கள் நெய் தின்றுவிட்டுச் சுகமாய் இருக்கின்றன. சின்னுவை உங்கள் நெய்தான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நெய்யையும் கொழுப்பையும் கொடுக்காமல் இருந்திருக்கலாம். முதல் வாந்தியிலேயே வைத்தியரிடம் கொண்டு போயிருக்கலாம். ஒரு நாள் முன்னால் போயிருந்தால் பிழைக்க வழி இருந்திருக்கும். எனக்கும் அது தெரியவில்லை" என்றேன்.

அவ்வா வெகு நேரம் பேசவில்லை. அவருடைய காலடியில் ஒரு புதிய குட்டி படுத்திருந்தது. பேரன் பெங்களூரிலிருந்து கொண்டு வந்தானாம். அதன் தட்டில் கொழுப்பு நீக்கி வேக வைத்த கோழிக் கறித் துணுக்கும் கொஞ்சம் சோறும் இருந்தன. வைத்தியரிடம் கேட்டு அவரே செய்த ஏற்பாடு.

பிறகு, தாம் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்து இருந்த சிறு புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தபடி கேட்டார்: "இதுக்காக உசிரை விட்ட அந்தச் சீமை நாய்... அதுக்கு ஒரு பேர் சொன்னியே சாமி, என்ன அது?"

"மார்ஜரி, அவ்வா."

"மார்ஜரி" என்று மெதுவாக ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். குட்டி தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தது.