கேசு மேல கேசு

எங்க பெரியப்பா ஒருத்தர் நெலத்தகராறுல மாட்டி, நாமக்கல் கோர்ட்டுக்கும் ராசிபுரம் கோர்ட்டுக்குமா பல வருஷம் அலைஞ்சவர். முதல் வழக்கு நடந்துகிட்டிருக்கும்போதே எதிர்த்தரப்பு ரெண்டாவது புகாரைக் கொடுத்தது. அவர் சொல்வார்: “ஒரு கேசுன்னா வாய்தாவுக்குப் போயிட்டு வந்துரலாம் சாமி. ரெண்டாவது வந்துருச்சுன்னா வாய்தாவுலயே குடியிருக்கோணும்.” சட்டம் படிக்காத அந்த மனிதர் சொன்னதற்கு நூறு வருஷத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் முடிந்தது நம் சேலம் சிறையில்தான்.

1912 நவம்பரில் சேலம் சிறையிலிருந்து சுப்பிரமணிய சிவா விடுதலையானார். உள்ளே போனபோது திடமான இளைஞர். வெளியே வந்தபோது தொழுநோயாளி. அவரை உள்ளே தள்ளியது எது என்று பார்த்தால், ஒரு வழக்கு அல்ல, ஒன்றின் முதுகில் ஏறி வந்த இன்னொன்று.

1908 மார்ச்சில் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் தொழிலாளர் வெற்றியோடு முடிந்திருந்தது. விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட வ.உ.சி.யும் சிவாவும் கூட்டம் நடத்தினார்கள். மார்ச் 12 அன்று இருவரும் பத்மநாப ஐயங்காரோடு கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின.

முதலில் அவர்கள்மேல் வந்தது நன்னடத்தைக்கு ஜாமீன் கேட்கும் பிரிவு. இந்தப் பிரிவின் வசதி என்னவென்றால், குற்றம் நடந்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை. ‘இந்த ஆள் வெளியே இருந்தால் அமைதி கெடும்’ என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால் போதும். ஆளைப் பிடித்து வைக்க அது உதவும், பல வருஷம் உள்ளே வைக்க உதவாது. அந்த நடவடிக்கையோடு நிற்காமல் ராஜத்துரோக வழக்கும் வந்து சேர்ந்தது. வ.உ.சி.க்கு அதுவே இரட்டை: தான் பேசியதற்கு ஒன்று, சிவா பேசத் துணைபோனதற்கு ஒன்று. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்கு 10 ஆண்டு. வ.உ.சி.க்கு இருபதும் இருபதும். மேல்முறையீட்டில் தண்டனை பெரிதும் குறைந்தது. ஆனால் குறைந்த தண்டனையே ஒருவர் கப்பலையும் இன்னொருவர் உடம்பையும் தின்றுவிட்டது.

அதே ஆண்டு பம்பாயிலும் இதே கதைதான். ஜூன் 24 அன்று திலகர் ஒரு கட்டுரைக்காகக் கைதானார். அவர் சிறையில் இருக்கும்போதே இன்னொரு கட்டுரைக்காக இரண்டாவது வாரண்ட் வந்தது. ஜாமீனை மறுத்த நீதிபதி தாவர், 1897இல் இதே திலகருக்கு வக்கீலாக நின்று ஜாமீன் வாங்கிக் கொடுத்தவர்! திலகருக்கு ஆறு ஆண்டு, மாண்டலே.

நம் ராசிபுரத்துக்காரர் வரதராஜுலு நாயுடுவின் கதை கொஞ்சம் வேறு. மதுரைப் பேச்சுக்காக 1918இல் அவர்மேல் வழக்கு. அவருக்காக வாதாடியவர் அப்போது சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி. கீழ்க்கோர்ட்டில் தண்டனை, உயர்நீதிமன்றத்தில் விடுதலை. ஆனால் அரசு விடவில்லை. 1920இல் ‘பிரபஞ்சமித்திர’னில் எழுதியதற்காக மறுபடி வழக்கு, சிறை. ஒன்று முடிந்தபின் ஒன்று என்று வந்ததால் நடுவில் மூச்சுவிட அவருக்கு நேரம் கிடைத்தது. ஒன்றின்மேல் ஒன்றாக வரும்போது அந்த நேரமும் போய்விடுகிறது.

வெள்ளைக்காரன் போய்விட்டான், முறை போகவில்லை. இன்றைக்கு ஒரு வழக்கில் ஜாமீன் கிடைத்த ஆளை, சிறைவாசலைத் தாண்டும் முன்பே பி.டி. வாரண்ட் போட்டு அடுத்த வழக்கில் கைது காட்ட முடியும். 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தில் போட்டால் ஓராண்டுவரை ஜாமீன் பேச்சே கிடையாது. இதில் ஒரு வினோதம் உண்டு. சில நேரம் குற்றம்சாட்டப்பட்டவரே ‘ரெண்டாவது கேசுலயும் என்னை அரெஸ்ட் காட்டுங்க’ என்று மனுப் போடுவார். ஏனென்றால் கைது காட்டாதவரை அந்த வழக்கில் ஒரு நாள்கூடக் கணக்கில் ஏறாது. குற்றப்பத்திரிகைக்கான 60 நாளோ 90 நாளோ ஓடத் தொடங்காது. தண்டனை வந்தாலும், ஒரே காலத்தில் அனுபவிக்கலாம் என்று நீதிபதி சொல்லாவிட்டால் ஒன்று முடிந்துதான் அடுத்தது.

மறுபக்கமும் இருக்கிறது. ஜாமீனில் வந்தவன் சாட்சியை மிரட்டினால், மறுபடி அடித்தால், புது வழக்கு போடத்தான் வேண்டும். அடிபட்டவனிடம் ‘பழைய கேசு முடியட்டும்’ என்று சொல்ல முடியுமா? ஆகவே இரண்டாவது வழக்கே அநியாயம் என்று ஆகாது. அது புதிய குற்றத்துக்காக வந்ததா, பழைய ஜாமீனுக்காக வந்ததா என்பதுதான் கேள்வி. ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது முதல் தகவல் அறிக்கை கூடாது என்று 2001இல் டி.டி. ஆண்டனி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது இந்தக் கேள்வியை மனதில் வைத்துத்தான். தேதியைப் பாருங்கள். புகார் தேதியும் ஜாமீன் தேதியும் ஒட்டி நின்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சிவா கடைசியில் வந்து சேர்ந்த இடம், அன்றைய சேலம் ஜில்லாவின் பாப்பாரப்பட்டி. அங்கேதான் 1925 ஜூலை 23 அன்று மறைந்தார். எங்க பெரியப்பா ரெண்டு கேசிலும் விடுதலையானார். தீர்ப்பு நகலை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் அது வரும்போது, சண்டைக்குக் காரணமான நெலத்தை வக்கீல் பீஸுக்காக வித்து நாலு வருஷம் ஆகியிருந்தது.