யார் சுமந்த பயணம்?

கணவனும் மனைவியுமாக மிதிவண்டியில் நாடு சுற்றிவருவோரைப் பற்றிப் படிக்கையில் இன்று நாம் பெரிதாக வியப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது வியப்புக்குரிய செய்தி. ஸ்டார்லியின் ‘ரோவர்’ மிதிவண்டி 1885இல் வந்தது. டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888இல் வந்தது. அதற்கும் முன்பே, 1884இல், ஜோசப் பென்னலும் எலிசபெத் பென்னலும் இருவர் மிதிக்கும் மூன்று சக்கர வண்டியில் லண்டனிலிருந்து கான்டர்பரி சென்று, மறு ஆண்டே அதை நூலாக்கினர். எனினும் தொலைவால் அவர்களை விஞ்சி நிற்பவர்கள் ஃபான்னி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹன்டர் வொர்க்மன் என்னும் அமெரிக்க இணையர்.

ஃபான்னி 1859இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தவர். ஆளுநராக இருந்த ஒருவரின் மகள். தம்மினும் ஏறத்தாழப் பன்னிரண்டு வயது மூத்த மருத்துவர் வில்லியமை 1882இல் மணந்தார். 1889இல் குடும்பம் ஜெர்மனிக்குப் பெயர்ந்தது. அங்குப் பிறந்த மகன் சீக்ஃப்ரீட் 1893இல் நோயுற்று இறந்தான். அதன்பின் இருவரும் சாலையே வீடாக வாழ்ந்தனர் எனலாம். அல்ஜீரியப் பயணம் 1895இல் நூலாயிற்று. அதே ஆண்டு ஸ்பெயினில் ஏறத்தாழ 2,800 மைல் கடந்தனர். நாளொன்றுக்குச் சராசரி 45 மைல், சில நாட்களில் 80 மைல் வரை.

1897 இறுதியில் அவர்கள் நம் பக்கம் வந்தனர். இரண்டரை ஆண்டுக் காலத்தில், தென்முனையிலிருந்து இமயம் வரை, இந்தியச் சமவெளியில் 14,000 மைல். கோயில்களையும் மசூதிகளையும் பௌத்தச் சின்னங்களையும் தேடிச் சென்ற அப்பயணம் 1904இல் ‘த்ரூ டவுன் அண்ட் ஜங்கிள்’ என்னும் நூலாக வெளிவந்தது. வண்டியில் கட்டியவை தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், தகர டப்பி இறைச்சி, ஆளுக்கொரு கம்பளி, மருந்து, பழுதுபார்க்கும் கருவிகள், எழுதுபொருள்கள். ஒரே நாளில் நாற்பது முறை வரை டயர் பஞ்சரானதுண்டு. இரவில் முசாபரி பங்களா. அது வாய்க்காவிட்டால் ரயில் நிலையக் காத்திருப்பு அறை. கொசுவும் எலியும் துணை.

இத்தகைய உடலுழைப்பை எவரும் மதிப்பர். ஆயினும் வரலாற்று மாணவராக நாம் இன்னொன்றையும் கேட்க வேண்டியுள்ளது. அந்தச் சாலையும் ரயிலும் பங்களாவும் யாருடைய உழைப்பால், யாருடைய வரியால் எழுந்தவை? 1896-97, 1899-1900 ஆகியவை இந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டிய ஆண்டுகள். இவ்விரு பஞ்சங்களுக்கும் இடையிலும் இரண்டாவதன் நடுவிலும்தான் அவர்களின் சக்கரங்கள் உருண்டன.

மலையில் இக்கேள்வி மேலும் கூர்மையடைகிறது. 1898 கோடையின் வெம்மைக்கு அஞ்சி இமயம் ஏறியவர்கள், அதன் பிறகு மலைகளுக்கே ஆட்பட்டனர். சக்கரம் உருளாத இடத்தில் கூடாரத்தையும் உணவையும் மனிதர்களே சுமக்க வேண்டும். 1899இல் காரகோரத்தில் ஒரு சிகரத்திற்கு இறந்த மகனின் பெயரைச் சூட்டினர். அந்தப் பெயருக்குப் பின்னாலுள்ள துயரம் நம்மையும் தொடுகிறது. ஆனால் அவ்வுயரம் வரை கூடாரத்தைத் தூக்கிச் சென்ற கூலியாட்கள் வொர்க்மன் இணையரின் நூல்களில் பெரும்பாலும் சோம்பேறிகளாகவும் அடங்காதவர்களாகவும், புகாருக்குரியவர்களாகவே வருகின்றனர்.

நம் ஆற்றுப்படை மரபும் வழிநடையின் இலக்கியமே. பாணன் தன் சுற்றத்தோடு நடக்கிறான். பெரும்பாணாற்றுப்படையைப் பயின்றோர் அறிவர்: எயினர், ஆயர், உழவர், வலைஞர் என வழியில் எவர் எவ்வுணவு தருவர் என்பதே அங்கு வழிகாட்டுதலின் பெரும்பகுதி. பரிசில் தரும் மன்னனைப் போலவே வழியில் சோறிடும் குடிகளுக்கும் அப்பாட்டில் இடமுண்டு. வொர்க்மன் நூல்களின் குறை இந்த ஒப்பீட்டில்தான் நமக்குத் தெளிவாகிறது.

வேறு வழியும் அக்காலத்திலேயே இருந்தது. லண்டன் தையற்கலைஞர் தாமஸ் ஹிராம் ஹோல்டிங், மிதிவண்டியிலேயே கட்டிச்செல்லத்தக்க இலேசான கூடாரத்தோடு அயர்லாந்தின் கனமாராவில் சுற்றி, 1898இல் அதை நூலாக்கினார். 1901இல் மிதிவண்டி முகாமாளர்களுக்கெனச் சங்கம் அமைந்ததும் அவர் முயற்சியால்தான். தன் சுமையைத் தானே சுமப்பது என்பது அவர் நெறி. அயர்லாந்துக்குப் பொருந்தியது காரகோரப் பனிக்குப் பொருந்தாது என்பது உண்மையே. எனினும் பிறர் சுமப்பது வேறு, சுமந்தவரை இகழ்வது வேறு.

இதனால் ஃபான்னியைத் தள்ளிவிட வேண்டுமென நாம் கருதவில்லை. தாம் கண்ட நாடுகளில் பெண்களின் தாழ்நிலையைக் கூர்ந்து எழுதியவர் அவர். மலைப்பயணங்களில் கணவனும் மனைவியும் ஆண்டுக்கு ஆண்டு பொறுப்பை மாற்றிக்கொண்டனர். ஒருவர் ஏற்பாட்டைக் கவனித்தால் மற்றவர் ஆய்வைக் கவனிப்பார். 1912இல் சியாச்சின் பனியாற்றுப் பகுதியில், ஏறத்தாழ 21,000 அடி உயரத்தில், ‘பெண்களுக்கு வாக்குரிமை’ என்னும் தலைப்புத் தெரியும் இதழைக் கையில் ஏந்தி அவர் நிற்கும் புகைப்படம் புகழ்பெற்றது.

அப்படத்தில் நீதி கேட்கும் ஒரு பெண்ணைக் காண்கிறோம். அவரை அங்கு நிற்கவைத்த முதுகுகள் படச்சட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. இரண்டையும் ஒருசேரக் காண்பதே பயண நூல்களை நாம் வாசிக்க வேண்டிய முறை.