‘நார்மல்’ என்று எழுதியது யார்?

வீட்டில் பழைய லேப் ரிப்போர்ட் ஏதாவது கிடந்தால் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இந்த இழையைப் படியுங்கள். கொஞ்சம் நீளம்தான். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுத்துக்கோங்க.

ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் இருக்கும். ‘நார்மல்’ என்று போட்டு இரண்டு எண்கள். உங்கள் எண் அதற்குள் இருந்தால் நிம்மதி, வெளியே போனால் என்னிடம் வருவீர்கள். அந்த இரண்டு எண்கள் எங்கிருந்து வந்தன என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

பெரும்பாலான டெஸ்ட்டுகளுக்கு வழி ரொம்பச் சாதாரணம். நோய் எதுவும் இல்லாமல் நன்றாக நடமாடுகிற நிறைய பேரிடம் ரத்தம் எடுப்பார்கள். மேலே இரண்டரை சதவீதம், கீழே இரண்டரை சதவீதம் கழித்துவிட்டால் நடுவில் மிஞ்சுவது நார்மல். அவ்வளவுதான்.

சரி, ஊர் மொத்தமும் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் தின்றுகொண்டிருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன எண் வரும்?

நடந்தது இது. ஒரு ஊரில் இல்லை, ஒரு நாடு முழுக்க, கிட்டத்தட்ட நாற்பது வருஷம். அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. பாறைகளை ஆராய்கிற ஒருவர். டாக்டர் எதிர்த்தரப்பில் இருந்தார். அதனால்தான் இந்தக் கதையை நான் சொல்லியாக வேண்டும்.

கதாநாயகன் காரீயம். பென்சிலில் இருப்பது இல்லை, அது கிராஃபைட். ஈயச்சொம்பு ரசத்து ஈயமும் இல்லை, அது வெள்ளீயம், வேறு உலோகம். காரீயம் என்பது லெட். பேட்டரியில் இருப்பது.

1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். டெட்ரா எத்தில் லெட் என்ற திரவத்தைப் பெட்ரோலில் துளியூண்டு கலந்தால் இன்ஜின் ‘கடகட’வென்று அடித்துக்கொள்வது நின்றுவிடுகிறது. 1923-ல் ஒஹையோவில் விற்பனை தொடங்கியது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலித்தது. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, கட்டிப் போட வேண்டிய நிலை. ஐந்து பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில்.

பத்திரிகைகள் கூச்சல் போட்டன. 1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு ஒரு கூட்டம் கூட்டியது. ஹார்வர்டு மருத்துவப் பேராசிரியர் ஆலிஸ் ஹாமில்டன், தொழிற்சாலை நோய்களில் அந்நாட்டின் முன்னோடி, இது தெருவில் போகிறவர்களுக்கும் ஆபத்து என்று வாதிட்டார். அரசுக் குழுவோ தடை செய்யப் போதிய காரணம் இல்லை, தொடர்ந்து ஆராய வேண்டும் என்று முடித்தது. அந்தத் தொடர் ஆராய்ச்சி யார் கைக்குப் போனது தெரியுமா? பெட்ரோலில் காரீயம் கலக்கும் கம்பெனியின் சம்பளம் வாங்கிய மருத்துவர் கைக்கு.

அவர் பெயர் ராபர்ட் கிஹோ.

கிஹோவை வில்லனாக வரைந்துவிடுவது சுலபம். நான் அப்படிச் செய்யப் போவதில்லை. ஆலைகளுக்குள் சுத்தம், காற்றோட்டம் எல்லாம் கொண்டுவந்து தொழிலாளர் சாவைக் குறைத்தவர்களில் அவரும் ஒருவர். விஷயம் தெரிந்தவர், உழைப்பாளி. அவர் தவறிய இடம், நாம் எல்லோரும் தவறக்கூடிய இடம்.

டெட்ரா எத்தில் லெட் கையாளும் தொழிலாளர்களின் மலத்தையும் சிறுநீரையும் சோதித்தார். காரீயம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஆலையில் அதைக் கையாளாதவர்களைச் சோதித்தார். அவர்களிடமும் இருந்தது! ‘பார்த்தீர்களா, காரீயம் எல்லோரிடமும் இருக்கிறது’ என்றார். அதே கூரையின் கீழ் அதே காற்றைச் சுவாசித்தவர்கள்தான் அவர்கள். பிறகு மெக்சிகோவில் கார் வாசனையே படாத கிராமத்துக்குப் போனார். அங்கேயும் காரீயம். ஆனால் அவர்கள் சாப்பிட்ட மண் தட்டுகளுக்குக் காரீயப் பூச்சு பூசியிருந்தது.

இதிலிருந்து அவர் கட்டிய கோட்டை: காரீயம் மனித உடம்பில் இயற்கையாகவே உண்டு. உடம்பு அதைச் சமாளித்து வெளியேற்றிவிடும். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 80 மைக்ரோகிராம் வரை பயமில்லை. மறுக்கிறவர்கள் ஆதாரம் காட்டட்டும். ஆதாரம் காட்டும் அளவுக்கு வசதியுள்ள ஆய்வகமோ அவருடையதுதான். நாங்கள் படித்த படிப்பின் முந்தைய தலைமுறைகள் இதை வேதமாக ஒப்பித்தன.

இப்போது பாறைக்காரர் வருகிறார்.

1948 வாக்கில் சிகாகோ பல்கலைக்கழகம். கிளேர் பேட்டர்சன் என்று ஒரு மாணவர். வழிகாட்டி ஹாரிசன் பிரவுன் ஒரு வேலை கொடுத்தார்: சிர்கான் என்ற கனிமத் துணுக்கில் காரீயம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். யுரேனியம் சிதைந்து சிதைந்து கடைசியில் காரீயமாகும். சிதையும் வேகம் தெரியும். எனவே காரீயத்தையும் யுரேனியத்தையும் அளந்தால் பாறையின் வயது கிடைத்துவிடும். இதைக் கற்றுக்கொண்டால் பூமியின் வயதையே சொல்லிவிடலாம், அல்வா சாப்பிடுற மாதிரி என்றுதான் ஆசையும் காட்டினார்.

யுரேனியத்தை அளந்த சக மாணவர் ஜார்ஜ் டில்டனுக்கு எண் கச்சிதமாக வந்தது. பேட்டர்சனுக்கு வரவில்லை. வயது தெரிந்த பாறையை அளந்தாலும் இருக்க வேண்டியதைவிடப் பன்மடங்கு காரீயம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்.

உங்களுக்கோ எனக்கோ இப்படி வந்தால் மிஷின் ரிப்பேர் என்று விட்டிருப்போம். இந்த மனுஷன் விடவில்லை. குழாய்த் தண்ணீரைச் சோதித்தார், காரீயம். கண்ணாடிக் குடுவையில், கடையில் வாங்கிய அமிலத்தில், சுவர்ப் பெயின்ட்டில், தூசியில், தன் தலைமுடியில், எங்கும் காரீயம். பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்தார். அமிலத்தைத் தானே காய்ச்சி வடித்தார். தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பின்பு கலிபோர்னியாவில் கால்டெக்கில் வடிகட்டிய காற்று வரும் தனி அறையே கட்டினார். ஆபரேஷன் தியேட்டருக்குள் நாங்கள் எப்படி நுழைவோமோ, அதைவிடக் கடுமையான கட்டுப்பாடு. இதற்கே வருடங்கள் ஓடின.

1953-ல் அரிசோனா பாலைவனத்தில் விழுந்த கேன்யன் டயாப்லோ விண்கல்லின் துண்டு அவர் கைக்கு வந்தது. அதன் ஒரு கனிமத்தில் யுரேனியம் கிட்டத்தட்டக் கிடையாது. ஆக, அதிலுள்ள காரீயம் சூரியக் குடும்பம் உருவான நாளில் இருந்தபடியே மாறாமல் இருப்பது. தொடக்கப் புள்ளி கிடைத்துவிட்டது. மற்ற விண்கற்களோடும் கடலடிச் சேற்றோடும் ஒப்பிட்டார். 1956-ல் வெளியிட்ட விடை: பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள். இன்றுவரை அந்த எண் பெரிதாக மாறவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தாலே பாடப்புத்தகத்தில் பெயர் வந்திருக்கும். ஆனால் அவரை அரித்தது வேறு கேள்வி. என் ஆய்வகத்துக்குள் இவ்வளவு காரீயம் எங்கிருந்து வந்தது?

கடலுக்குப் போனார். கடலின் ஆழ்நீர் மேலே வந்து கலக்கப் பல நூற்றாண்டு ஆகும். ஆழத்தில் இருப்பது பழைய தண்ணீர், மேலே இருப்பது புதுசு. மேல்நீரில் காரீயம் பல மடங்கு அதிகம். அப்படியானால் அது சமீபத்தில் வந்து விழுந்தது. கணக்குப் போட்டால் பெட்ரோல்தான் கண்முன் நின்றது. இதை 1963-ல் வெளியிட்ட பிறகு, அவருடைய கடல் ஆராய்ச்சிக்குப் பெட்ரோலியத் துறை அமைப்பு கொடுத்துவந்த பணம் நின்றது. அவர் அசரவில்லை. கிரீன்லாந்துக்குப் போய்ப் பனியை வெட்டி எடுத்தார். மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி, பனி அடுக்கடுக்காய் வருடம் காட்டும். 2800 வருடத்துக்கு முந்தைய பனியைவிட 1965-ன் பனியில் காரீயம் 200 மடங்குக்கு மேல்.

1965-ல் மருத்துவ இதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினார். சாராம்சம் இதுதான்: அமெரிக்கர் உடம்பில் இயற்கையாக இருக்க வேண்டியதைவிட சுமார் 100 மடங்கு காரீயம் இருக்கிறது. எல்லோரிடமும் ‘வழக்கமாக’ இருப்பதை ‘இயற்கை’ என்று மருத்துவர்கள் தவறாக எடுத்துக்கொண்டார்கள்.

கட்டுரையை மதிப்பிட இதழ் யாரிடம் அனுப்பியது? கிஹோவிடம்! அவருக்குக் கடும் எரிச்சல். ஆனாலும் வெளியிடுங்கள் என்றே சொன்னார். வெளியே வந்தால்தான் தோலை உரிக்கலாம் என்ற நினைப்பு.

1966-ல் செனட்டர் எட்மண்ட் மஸ்கியின் விசாரணையில் இருவரும் சாட்சி சொன்னார்கள். கிஹோ தன் நாற்பது வருட அனுபவத்தை வைத்தார். பேட்டர்சனோ, பொதுமக்கள் ஆரோக்கியத்தைக் காக்க வேண்டிய அரசுத் துறை, அந்தப் பொருளை விற்கிறவர்களோடு சேர்ந்து அது ஆபத்தா என்று முடிவு செய்வதே தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதன் பலன், 1971-ல் காற்றுக் காரீயம் பற்றித் தேசிய அளவில் அறிக்கை எழுதிய குழுவில் அவருக்கு இடமில்லை.

மீன் கதை ஒன்று சொல்லாமல் நகர மனசு வரவில்லை. டின்னில் அடைத்த சூரை மீனிலும் கடலில் பிடித்த சூரையிலும் காரீயம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், டின்னால் பெரிய பாதகம் இல்லை என்று அரசு ஆய்வகம் அளந்து வைத்திருந்தது. பேட்டர்சனும் டோரதி செட்டிலும் தங்கள் சுத்தமான அறையில் அளந்தார்கள். 1980-ல் வந்த முடிவு: காரீயப் பற்று வைத்த டின்னில் இருக்கும் மீனில் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். அரசு ஆய்வகம் பிழையாக அளந்தது டின் மீனை இல்லை, கடல் மீனை. அங்கிருந்த தூசியே மீனுக்குள் போய், நல்ல மீனையும் கெட்டதாகக் காட்டியிருக்கிறது. கிஹோவின் ‘ஒப்பீட்டுத் தொழிலாளர்’ கதையேதான் மறுபடியும்.

இதற்குள் என் தொழில்காரர்களும் விழித்துக்கொண்டார்கள் என்பது ஆறுதல். ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார். எலும்பைப் போலவே பல்லும் காரீயத்தைச் சேமித்து வைக்கும். பல்லில் காரீயம் அதிகமான, ஆனால் நோய் எதுவும் வெளியே தெரியாத பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் குறைவு, வகுப்பில் கவனம் குறைவு என்று 1979-ல் காட்டினார். பெட்ரோலில் காரீயத்தைக் குறைக்கக் குறைக்க, 1976 முதல் 1980-க்குள் அமெரிக்கர்களின் ரத்தக் காரீயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. 80 வரை பயமில்லை என்ற கோட்டை சரிந்தது.

பேட்டர்சன் 1995 டிசம்பர் 5 அன்று இறந்தார். சாலை வாகனங்களுக்குக் காரீயப் பெட்ரோல் விற்க அமெரிக்காவில் முழுத்தடை 1996 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. இந்தியா 2000-ல் நிறுத்தியது. கடைசி நாடு அல்ஜீரியா, 2021-ல்.

கலிபோர்னியாவின் காண்டோர் கழுகுகள் 1987-ல் உலகத்திலேயே 27 மட்டும் மிச்சம், எல்லாம் கூண்டில். வளர்த்து மறுபடி காட்டில் விட்டார்கள். அவற்றின் ரத்தத்தில் காரீயம் ஏறியது. ஐசோடோப்பு விகிதம் என்பது காரீயத்தின் கைரேகை மாதிரி, பூமியின் வயது சொன்ன அதே அளவீடு. அதை வைத்துத் துப்பறிந்தபோது பெரும்பாலும் வேட்டைக்காரர்களின் காரீயத் தோட்டாவோடு பொருந்தியது. சுட்டுப் போட்ட பிராணியின் மிச்சத்தைத் தின்றதால் வந்த வினை. 2019 முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்குக் காரீயத் தோட்டா கூடாது.

இப்போது கையிலிருக்கும் ரிப்போர்ட்டுக்கு வாங்க. குழந்தைகளின் ரத்தக் காரீயத்துக்கு அமெரிக்க மருத்துவம் வைத்த எச்சரிக்கை அளவு 1960-களில் 60. பிறகு 40, 30, 25. 1991-ல் 10. 2012-ல் 5. 2021-ல் 3.5. குழந்தையின் உடம்பு மாறவில்லை. மாறியது நம் கட்டம் மட்டும்தான். 3.5-ம் பத்திரமான அளவு என்று அர்த்தமில்லை. அதற்கு மேல் உள்ள குழந்தைகளை முதலில் கவனிக்க வேண்டும் என்பதற்கான கோடு அது.

பெட்ரோல் போய்விட்டது, காரீயம் போகவில்லை. தரமில்லாத பெயின்ட், வெள்ளீயத்தில் காரீயம் கலந்து விற்கும் மலிவு ஈயச்சொம்பு, பளிச்சென்று மஞ்சள் காட்ட லெட் குரோமேட் கலந்த மஞ்சள்தூள் (வங்கதேசத்தில் 2019-ல் ஆய்வாளர்கள் இதைத்தான் பிடித்தார்கள்), தெருமுனையில் பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் பட்டறை.

ரத்தசோகைக்கு இரும்பு மருந்து கொடுத்தும் தேறாத பிள்ளை, காரணம் புரியாத வயிற்றுவலி, மண்ணையும் சுண்ணாம்பையும் தின்னும் பழக்கம் என்று வந்தால் அம்மாவிடம் நான் கேட்பது, ‘அப்பா என்ன வேலை பார்க்கிறார்மா? வேலைக்குப் போட்ட சட்டையோடவே பிள்ளையைத் தூக்குவாரா?’ பேட்டரிப் பட்டறை என்று பதில் வந்தால் உடனே ரத்தக் காரீய டெஸ்ட்டுக்கு எழுதிவிடுவேன். ரிப்போர்ட் வரும்போது சில லேப்களில் இன்றும் நார்மல் கட்டத்தில் ‘10 வரை’ என்றே அச்சாகி வருகிறது. பேனாவால் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 3.5 என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.