இரண்டு காசின் கணக்கு

திருநெல்வேலிப் பக்கம் அறுப்பின் பண்டிகைக்குப் போனவர்களுக்கு அந்த ஏலம் மறக்காது. கோயில் முற்றத்தில் வாழைத்தார், பூசணிக்காய், கால் கட்டிய சேவல். ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று குரல் ஏற ஏற, பத்து ரூபாய் பெறாத முருங்கைக் கட்டு ஐந்நூறுக்குப் போகும். அதற்கு முந்தைய ஆராதனையில் பிரசங்கம் அநேகமாக ஏழை விதவையின் காணிக்கை பற்றித்தான் இருக்கும்: கடைசி இரண்டு காசையும் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் போட்டவளை, எல்லாரையும்விட அதிகமாகப் போட்டாள் என்று இயேசு சொன்ன கதை. போதகர் ஐயர் அந்த வசனத்தை எடுத்ததுமே எங்கள் ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிடுவாள். எவ்வளவு போட்டாலும் அவளுக்கு ஒரு குற்ற உணர்ச்சி மிஞ்சும். அந்தக் கதையை இந்த வாரம் அது நடந்த எருசலேமிலேயே வைத்துப் பார்க்கலாம்.

முதலில் காசு. மாற்கு தன் சுவிசேஷத்தில் சொல்லும் நாணயத்தின் கிரேக்கப் பெயர் லெப்டன். யூதேயாவை கி.மு. 103 முதல் 76 வரை ஆண்ட அலெக்சாண்டர் யன்னேயு அடித்துவிட்ட சின்ன வெண்கலக் காசுகள், இயேசுவின் காலத்திலும் கைமாறிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் நங்கூரம், மறுபக்கம் நட்சத்திரம். பல காசுகள் ஒரு கிராம்கூடத் தேறாது. வார்ப்பிலிருந்து வெட்டி எடுத்ததால் ஓரம் ஒழுங்காக இருக்காது. சுண்டுவிரல் நகத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுதான். ரோமாபுரி வாசகர்களுக்குப் புரியட்டும் என்று, இரண்டு லெப்டன் ஒரு குவாத்ரன்ஸ் என மாற்கே கணக்குச் சொல்கிறார். 64 குவாத்ரன்ஸ் சேர்ந்தால் ஒரு தினாரியு, அதாவது கூலியாளின் ஒருநாள் சம்பளம். இன்றைக்கு நாள்கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவள் போட்டது பத்து ரூபாய். நம் பழைய தமிழ் வேதாகமம் லெப்டனைக் ‘காசு’ என்றும் குவாத்ரன்ஸைத் ‘துட்டு’ என்றும் சொல்கிறது. துட்டு, தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் ஆண்ட டச்சுக்காரர்களின் ‘டொய்ட்’ காசு விட்டுப்போன சொல். எருசலேம் விதவை தமிழில் டச்சுச் சில்லறை போட்டிருக்கிறாள்!

அவள் காசு விழுந்த இடம் எது? எருசலேம் தேவாலயத்தில் எக்காள வடிவில் 13 பெட்டிகள் இருந்ததாக, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. அரைச் சேக்கல் வரிக்கு, பலிக்கான புறாக்களுக்கு, விறகுக்கு, தூபவர்க்கத்துக்கு என்று ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருக்கும். ஆறு பெட்டிகள் மனமுவந்த காணிக்கைக்கு. அந்தப் பணத்தில் சர்வாங்க தகனபலி வாங்குவார்கள். இறைச்சி பலிபீடத்துக்கு, தோல் ஆசாரியருக்கு. விதவையின் காசு இந்த ஆறில் ஒன்றில் விழுந்திருந்தால், போய்ச் சேர்ந்த இடம் அதுதான். அதே ஆலயத்தில் ‘இரகசிய அறை’ என்று ஒன்று இருந்ததையும் மிஷ்னா குறிப்பிடுகிறது. கொடுப்பவர் யாரென்று தெரியாமல் கொடுக்கலாம். நொடித்துப்போன நல்ல குடும்பத்தார் யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொள்ளலாம். யூதர்கள் ஏழையை மறந்தார்கள் என்று யாராவது பிரசங்கம் செய்தால் நம்ப வேண்டாம்.

இனி, கதைக்கு முன்னும் பின்னும். பைபிளை அதிகாரங்களாகப் பிரித்த பெருமை 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் பாடம் நடத்திய ஸ்டீபன் லாங்டனைச் சேரும். வேதத்தில் இடம் தேடச் சௌகரியம்தான். ஆனால் மாற்கு 12-ஆம் அதிகாரம் இந்த விதவையோடு முடிந்துவிடுவதால், நாமும் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறோம். அடுத்த வரியில் இயேசு ஆலயத்தை விட்டு வெளியே வருகிறார். இவ்வளவு பெரிய கற்களா என்று சீஷர் ஒருவர் வியக்கிறார். கல்லின்மேல் கல் நிற்காது என்கிறார் இயேசு. கி.பி. 70-இல் ரோமப்படை அதைத்தான் செய்தது. தன் பிழைப்பு முழுவதையும் அவள் போட்டது, இடியப்போகும் அந்தக் கட்டடத்துக்கு.

முன்பக்கம் இதைவிடக் காரம். விதவை வருவதற்குச் சற்று முன்புதான், நீண்ட அங்கி போட்டுக்கொண்டு முதல் இருக்கை தேடும் வேதபாரகரை இயேசு கடிந்துகொள்கிறார். அவர்கள் விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்கள் என்கிறார். அந்தப் பேச்சு ஓய்ந்த கையோடு ஒரு விதவை வருகிறாள், கையிலிருந்த கடைசிக் காசோடு. இன்னும் முன்னே போனால் 7-ஆம் அதிகாரம். பெற்றோரைக் காப்பாற்ற வேண்டிய பணத்தைக் ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவ அனுமதிப்பவர்களை அங்கே சாடுகிறார்.

இவற்றை அடுக்கிவைத்து, 1982-இல் அடிசன் ரைட் என்ற கத்தோலிக்க அறிஞர் ஒரு கட்டுரையில் கேட்டார்: இது பாராட்டா, புலம்பலா? புலம்பல் என்பதே அவர் முடிவு. மறுப்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு ரைட் பக்கம்தான் சாய்வு. அவள் மற்ற எல்லாரையும்விட அதிகமாகப் போட்டாள் என்று இயேசு சொன்னது உண்மை. அவளுடைய மனசை அவர் குறைக்கவில்லை. ஆனால் ‘நீங்களும் இப்படிப் போடுங்கள்’ என்ற வார்த்தை அந்தப் பகுதியில் எங்கேயும் கிடையாது. நல்ல சமாரியன் கதையை முடிக்கும்போது நீயும் போய் அப்படியே செய் என்று சொன்னவர், இங்கே சும்மா இருந்துவிட்டார். எங்கள் ஆச்சிக்கு இதை யாரும் சொல்லவில்லை.

ஆதித் திருச்சபை இந்தக் கதையை எப்படி வாசித்ததோ, பணத்தை எந்தப் பக்கம் திருப்பியது என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. எருசலேம் சபையில் எழுந்த முதல் முறுமுறுப்பே, கிரேக்கம் பேசும் விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் சரியாகக் கிடைக்கவில்லை என்பதுதான். அதற்காகவே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். கி.பி. 155 வாக்கில் ரோமாபுரியிலிருந்த கிறிஸ்தவ ஆசிரியர் யுஸ்தீன், ஞாயிறு காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்பவர்களுக்கும் போகிறது என்று எழுதிவைத்தார். வசதியுள்ளவர், விருப்பப்பட்டால், முடிந்ததைக் கொடுப்பார். கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், மாதம் ஒருமுறை போடுவது, கட்டாயம் கிடையாது என்கிறார். ஏழைப் பிணங்களை அடக்கம் செய்வதும் கப்பல் உடைந்து தவித்தவர்களுக்குக் கொடுப்பதும் அவர் பட்டியலில் வருகின்றன.

கி.பி. 251-இல் ரோமாபுரிப் பேராயர் கொர்னேலியு, அந்தியோகியாவின் பேராயருக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்குப் போட்டியாகக் கிளம்பிய நொவேஷியனைத் திட்டித் தீர்க்கும் கடிதம். கோபத்தின் நடுவே, ‘எங்கள் சபை எவ்வளவு பெரியது தெரியுமா’ என்கிற தோரணையில் ஒரு கணக்கை விட்டுவிட்டுப் போகிறார். மூப்பர் 46, உதவிக்காரர் 7, அவர்களுக்குத் துணை 7, பீடப் பணியாளர் 42. பேயோட்டுவோர், வாசிப்போர், வாசல் காப்போர் சேர்ந்து 52. பேராயரையும் சேர்த்தால் ஊழியர் 155 பேர். சபை சோறு போட்ட விதவைகளும் ஏழைகளும் 1,500-க்கு மேல்.